வீவக கார்பார்க் மாடியில கேலக்ஸி வேட்டை: சீஸ்டார் எஸ்50 ரிவ்யூ

மொதல்ல முடிவ சொல்லிடுறேன், பொறுமை இருக்குறவங்க மிச்சத்தப் படிங்க. சிங்கப்பூர்ல வீவக வீட்ல, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்ல இருந்துக்கிட்டு, கார் இல்லாம, ஆயிரக்கணக்குல வெள்ளி செலவழிக்காம, தூரத்துல இருக்குற கேலக்ஸிய நாமளே படம் பிடிக்கணும்னு ஆசைப்பட்டா சீஸ்டார் எஸ்50ங்கற இந்த ஸ்மார்ட் டெலஸ்கோப்ப தாராளமா வாங்கலாம். ஆனா விளம்பரத்துல எத முன்னாடி வச்சு விக்கிறாங்களோ அந்த லைட் பொல்யூஷன் ஃபில்டருக்காக (ஊர் வெளிச்சத்த வடிகட்டுறதுன்னு சொல்றது) வாங்காதீங்க, கேலக்ஸி விஷயத்துல அதுக்கு வேலையே இல்ல. இந்த ஊருக்கு இது ஏன் ஒத்துப்போகுதுன்னா காரணம் வேற, அத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா டைப் பண்றேன்.

யூட்யூப்ல பாக்குற ரிவ்யூ எல்லாம் அமெரிக்கா, ஆஸ்திரேலியான்னு வீட்டுக்குப் பின்னால புல்தரை வச்சிருக்குறவங்க போடுறது. நமக்கு ஏதுங்க பேக்யார்ட்? எனக்கு இருக்குறது யீஷூன்ல ப்ளாக்குக்குப் பக்கத்துல இருக்குற மல்டி ஸ்டோரி கார்பார்க்கோட மேல் தளம். கூரை கிடையாது, ராத்திரி பத்து மணிக்கு மேல காரும் கம்மி, நாலு பக்கமும் வானம் தெரியும், லிஃப்ட் ரூம் சுவருக்குப் பின்னால ஒரு மூலையில லைட் கம்பத்தோட வெளிச்சம் நேரா விழாது. சிங்கப்பூர்ல இதுக்கு மேல ஒரு அப்சர்வேட்டரி வேணும்னு கேட்டா பேராசை.

வானம் எப்படின்னு கேக்குறீங்களா? 2016ல உலகம் பூரா வானத்தோட செயற்கை வெளிச்சத்த அளந்து ஒரு அட்லஸ் போட்டாங்க, அதுல மொத எடம் நமக்குத்தான். இந்த நாட்டுல இருக்குற அத்தனை பேரும், கண்ணு முழுசா இருட்டுக்குப் பழகவே முடியாத அளவு வெளிச்சமான வானத்துக்குக் கீழதான் இருக்காங்கன்னு அதுல போட்டிருந்தாங்க. பெரிய நகரத்துக்கு நடுவுல வானத்தோட பிரகாசம் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு (ஆர்க்செகண்ட்னா ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு) 18 மேக்னிட்யூட் கிட்ட இருக்கும் (மேக்னிட்யூட்ங்கறது பிரகாசத்தோட அளவு, நம்பர் கூடக் கூட மங்கல்), நல்ல இருட்டு ஊர்ல 21.5 இருக்கும். வித்தியாசம் வெறும் 3.5தானேன்னு தோணும், ஆனா மேக்னிட்யூட் கணக்குல அது 25 மடங்கு. அதாவது அந்த இருட்டு ஊர்க்காரன் ஒரு மணி நேரத்துல எடுக்குற படத்தோட தரத்த இங்க எட்டணும்னா 25 மணி நேரம் எடுக்கணும். யூட்யூப் படத்தையும் உங்க படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்து மனசு வெறுத்துப்போகாதீங்க, ரெண்டுக்கும் போட்டியே கிடையாது.

இப்ப சாமானுக்கு வருவோம். சீனாவுல சூஜோ நகரத்து இசட்டபிள்யூஓ கம்பெனி 2023ல விட்டது இது, அதுக்கு முன்னாடியே அவங்க வானியல் கேமராவுக்குப் பேர் போனவங்க. லென்ஸோட விட்டம் 50 மில்லிமீட்டர், ஃபோக்கல் லெங்த் 250 (இது கூடுனா படம் பெருசா தெரியும்), எஃப்5. உள்ள சோனி ஐஎம்எக்ஸ்462 சென்சர், 1080க்கு 1920 பிக்சல், அதாவது வெறும் 2 மெகாபிக்சல், இத மொதல்லயே தெரிஞ்சுக்கங்க, உங்க போன விட எத்தனையோ மடங்கு கம்மி. எடை ரெண்டரை கிலோ. டிராக்கிங் மோட்டார், ஃபில்டர், ஆட்டோ ஃபோக்கஸ், பனி படாம இருக்க ஹீட்டர், 64 ஜிபி மெமரி, பேட்டரி எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள. மடக்கி வச்சா ரைஸ் குக்கர் மாதிரி இருக்கும், பேக்பேக்ல போட்டு லிஃப்ட்ல தூக்கிட்டுப் போயிடலாம், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அறிமுகமானப்ப 499 அமெரிக்க டாலர், நம்ம காசுக்கு ஏறக்குறைய எழுநூறு வெள்ளி, இப்ப விலை ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு, 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேத்த விலையா சேக்காத விலையான்னு பாத்துட்டு வாங்குங்க.

வேலை செய்யுற விதம் ரொம்ப சிம்பிள். கூட வர்ற சின்ன கார்பன் ட்ரைபாட்ல மாட்டி, ஆப் காட்டுற வட்டத்த வச்சு லெவல் பண்ணி, ஆப்ல கேலக்ஸி பேர தொட்டா அதுவே திரும்பும். வானத்த ஒரு படம் எடுக்கும், அதுல இருக்குற நட்சத்திரங்கள உள்ள இருக்குற மேப்போட ஒப்பிட்டுப் பாத்து தான் எங்க பாக்குதுன்னு கண்டுபிடிக்கும், தப்பா இருந்தா கொஞ்சம் நகரும், திரும்ப ஒரு படம், திரும்ப ஒப்பிடும், கடைசியில கேலக்ஸிய நடுவுல கொண்டுவந்து நிறுத்திடும். இதுக்குப் பேர் ப்ளேட் சால்விங். அப்புறம் பத்து பத்து செகண்டா படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கிட்டே போகும், போன் ஸ்கிரீன்ல படம் கொஞ்சம் கொஞ்சமா தெளியறத நீங்க பாத்துக்கிட்டே இருக்கலாம்.

யாரும் சொல்லாத காரணம்னு சொன்னேனே, அது இந்த ப்ளேட் சால்விங்லதான் இருக்கு. வழக்கமா கேலக்ஸி படம் எடுக்கறவங்க ஈக்வட்டோரியல் மவுண்ட்னு ஒண்ணு வாங்குவாங்க, அதோட அச்ச துருவ நட்சத்திரத்துக்கு நேரா திருப்பி வைக்கணும், அப்பத்தான் பூமி சுத்தறத ஈடுகட்டும். நாம இருக்குறது வடக்கு அட்சரேகை 1.3 டிகிரியில. அதனால துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்துக்கு ஒரு டிகிரி மேலதான் நிக்கும், அந்தப் பக்கம் ப்ளாக், மரம், மலேசியாப் பக்கத்து ஜொகூர் பாருவோட வெளிச்சம், மேகம், எதுவும் இல்லாட்டியும் அந்த உயரத்துல காத்தே அத மறைச்சிடும். பல மவுண்ட்ல அந்த அச்ச அவ்வளவு கீழ இறக்கவும் முடியாது, அவங்க டிசைன் பண்ணது ஐரோப்பா அமெரிக்காவுக்கு. ரெண்டாயிரம் மூவாயிரம் வெள்ளிக்கு மவுண்ட் வாங்கி அத இங்க சரியா அலைன் பண்ணத் தெரியாம வித்தவங்க இருக்காங்க. சீஸ்டாருக்கு துருவமும் வேணாம் தெருமுனையும் வேணாம், வானத்துல எதாவது ஒரு ஓட்டை வழியா நாலு நட்சத்திரம் தெரிஞ்சா போதும், எடத்த அதுவே கண்டுபிடிச்சுக்கும். இந்த ஊருக்கு இது அவ்வளவு பெரிய விஷயம்.

இப்ப ஃபில்டர் கதை. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மால்ல இருக்குற கடைக்குப் போயிருந்தேன், பேர் வேணாம், அங்க இருந்த பையன் அடிச்சுச் சொல்றான், "சார், இதுல பில்ட்-இன் ஃபில்டர் இருக்கு, சிங்கப்பூர் லைட் எல்லாம் கட் ஆயிடும், ஆண்ட்ரோமெடா கேலக்ஸி அப்படியே கலர்ல வரும்". தம்பி, அந்த ஃபில்டர் ஹைட்ரஜன் ஆல்ஃபா, ஆக்சிஜன் 3ன்னு ரெண்டே ரெண்டு நிறத்த மட்டும் உள்ள விடுற ட்யூயல் பேண்ட் ஃபில்டர். ஓரியன் நெபுலா, கரீனா நெபுலா மாதிரி வாயு மேகங்கள் அந்த ரெண்டு நிறத்துலதான் ஒளிருது, அதுக்குப் போட்டா பிரமாதம், சிங்கப்பூர்லயும் பிரமாதம். ஆனா கேலக்ஸிங்கறது கோடானுகோடி நட்சத்திரத்தோட வெளிச்சம், வானவில்லோட எல்லா நிறமும் கலந்தது. ஃபில்டரப் போட்டா தெருவிளக்கு வெளிச்சம் குறையறப்பவே கேலக்ஸியும் சேந்து காணாமப் போகும். முந்தி தெருவுக்குத் தெரு மஞ்சளா எரிஞ்ச சோடியம் விளக்கு இருந்தப்பவாவது, அது பெரும்பாலும் ஒரு நிறத்த ஒட்டியே ஒளிர்றதால அத மட்டும் வெட்டுற ஃபில்டர் கொஞ்சம் ஒதவுச்சு, இப்ப எல்லாம் வெள்ளை எல்இடி, அதுவும் எல்லா நிறமும் கலந்ததுதான், அதையும் கேலக்ஸியையும் எந்த ஃபில்டரும் பிரிச்சுப் பாக்க முடியாது. அதனால கேலக்ஸிக்குப் போகும்போது ஆப்ல ஃபில்டர் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கங்க. வேற வழி நேரம் மட்டும்தான். நாலு மடங்கு நேரம் எடுத்தா படத்துல பொரிப்பொரியா தெரியற இரைச்சல் பாதியாகும், அவ்வளவுதான் கணக்கு, குறுக்கு வழி கிடையாது.

சரி, குறை என்ன? பெரிய குறை ஃபீல்ட் ரொட்டேஷன். பெட்டி மேலும் கீழும் பக்கவாட்டுலயும் மட்டும்தான் திரும்பும், வானம் ஆனா சாய்வா சுத்துது, அதனால நேரம் போகப் போக படம் நடுப்புள்ளிய சுத்தித் திரும்பிக்கிட்டே இருக்கும். அடுக்கும்போது சாஃப்ட்வேர் திருப்பிச் சேத்துடும், ஆனா ஓரமெல்லாம் வீணாகும், ஒரே படத்துக்குள்ளயே ஓரத்து நட்சத்திரம் கோடா இழுபடும். இதுல சிங்கப்பூருக்குன்னு ஒரு தனி விசேஷம் இருக்கு, கொஞ்சம் கவனமா படிங்க. பூமத்திய ரேகை கிட்ட இருந்து பாத்தா நேர் கிழக்குலயும் நேர் மேற்குலயும் இந்தச் சுழற்சி கிட்டத்தட்ட இல்லவே இல்ல. வடக்கு தெற்கு திசையில, அதுலயும் தலைக்கு நேர் மேல வரும்போது, தலைவிரிச்சு ஆடும். சாம்ப்ரேரோ கேலக்ஸி எம்104 நமக்கு உச்சியில தெற்கே 77 டிகிரி உயரத்துல வரும், கண்ணுக்கு அதுதான் நல்ல எடம்னு தோணும், எல்லா புஸ்தகத்துலயும் உச்சியில இருக்கும்போது எடுன்னுதான் போட்டிருக்கும். ஆனா அந்த எடத்துல மணிக்கு 67 டிகிரி வேகத்துல படம் சுழலும், பத்து செகண்ட் படத்துலயே மூலையில இருக்குற நட்சத்திரம் மூணு நாலு பிக்சல் நீண்டுடும். அதே எம்104 கிழக்கே 45 டிகிரி உயரத்துல ஏறிக்கிட்டு இருக்கும்போது எடுத்தா மணிக்கு ஆறு ஏழு டிகிரிதான், பத்துல ஒரு பங்கு. அதனால நம்ம ஊர்ல உச்சிக்கு வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, கிழக்கே 40ல இருந்து 60 டிகிரிக்குள்ள இருக்கும்போதே அள்ளிடுங்க, இல்லாட்டி மேற்கே இறங்கும்போது பிடிங்க.

இந்தச் சுழற்சியே வராம பண்ற ஈக்வட்டோரியல் மோட் 2025 அப்டேட்ல குடுத்துட்டாங்களேன்னு கேப்பீங்க. குடுத்தாங்க. பெட்டிய அட்சரேகைக்கு ஏத்தபடி சாய்ச்சு வைக்கணும். லண்டன்காரன் அரைகுறையா சாய்ச்சா போதும், நமக்கு அச்சு 1.3 டிகிரிக்கு வரணும்னா பெட்டிய கிட்டத்தட்ட படுக்கப் போடணும். ரெண்டரை கிலோ சாமான் ட்ரைபாட்டுக்கு வெளிய ஒரு பக்கமா தொங்கும், கூட வர்ற குட்டி ட்ரைபாட்ல இத முயற்சி பண்ணி கார்பார்க் சிமெண்ட்ல விழ விட்டுடாதீங்க. நல்ல கனமான ட்ரைபாடும் 90 டிகிரி சாயுற ஹெட்டும் இருந்தா பண்ணலாம், படம் நல்லாவே வரும், 20 செகண்ட் 30 செகண்டுன்னு எடுக்கலாம். எனக்கென்னமோ அவ்வளவு பாடுபட்டா இந்த டப்பா வாங்குனதுக்கே அர்த்தமில்லாம போகுதுன்னு தோணுது, நான் பெரும்பாலும் நேராவே நிறுத்தி எடுக்குறேன்.

என்னென்ன கேலக்ஸி வரும்? இங்கதான் நம்ம ஊரோட அதிர்ஷ்டம். வடக்கு வானமும் தெற்கு வானமும் ரெண்டும் நமக்குத் தெரியும். நவம்பர் நடுவுல ராத்திரி பத்து மணி வாக்குல வடக்கே 50 டிகிரியில ஆண்ட்ரோமெடாவும் தெற்கே 63 டிகிரியில என்ஜிசி 253ங்கற கேலக்ஸியும் ஒரே நேரத்துல நிக்கும், ஐரோப்பாக்காரனுக்கு ரெண்டாவது சரியா கிடைக்காது, தெற்கு ஆஸ்திரேலியாக்காரனுக்கு மொதல் ஆள் அடிவானத்துல ஒட்டிக்கிட்டு இருப்பான். நவம்பர்ல மழை விடுமாங்கறது வேற விஷயம்.

எனக்குப் பிடிச்சது சென்டாரஸ் ஏ, என்ஜிசி 5128. ஜேம்ஸ் டன்லப் 1826ல ஆஸ்திரேலியாவுல இருந்து கண்டுபிடிச்சது, தூரம் 1 கோடி ஒளியாண்டுக்கு மேல, மே மாசம் நடுவுல ராத்திரி பதினோரு மணிக்கு தெற்கே 45 டிகிரியில நிக்கும், அதாவது தூங்காம முழிச்சிருக்க வேண்டியதில்ல, மறுநாள் வேலைக்கும் போகலாம். வெளிச்சமான உருண்டை ஒண்ணு, அத நடுவுல வெட்டிக்கிட்டு ஒரு கருப்புப் பட்டை, அது தூசி. பத்து நிமிஷம் அடுக்குனாலே பட்டை தெரிய ஆரம்பிச்சிடும். ஒரு ராத்திரி இத எடுத்துக்கிட்டு இருந்தப்ப, சாப்பிட்டுட்டு நடக்க வர்ற நம்மாளு ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், கைலியோட வந்து நின்னு பெட்டியவே பாத்தாரு.

"என்ன தம்பி, ட்ரோனா? எந்த ப்ளாக்க எடுக்குறீங்க?"

"ப்ளாக் இல்ல அங்கிள், மேல பாக்குது. கேலக்ஸி."

போன கையில குடுத்தேன். கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு மூஞ்சி கிட்ட வச்சுப் பாத்தாரு, அப்புறம் கட்டை விரலால ஸ்கிரீன துடைச்சாரு, படம் பெருசாச்சு, திரும்பத் துடைச்சாரு, இன்னும் பெருசாச்சு. "நடுவுல அழுக்கா இருக்கு தம்பி, போகவே மாட்டேங்குது". அது அங்க இருக்குற தூசிதான் அங்கிள், அந்த வெளிச்சம் அங்க இருந்து கெளம்பி ஒரு கோடி வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தேக்காவுல காலையில கெளம்புன பஸ்ஸு இன்னும் வரலன்னு நான் சண்டை போட்டுட்டு வந்தேன்" அப்டின்னுட்டு பக்கத்துல கட்டை மேல உக்காந்துட்டாரு, அடுத்து வேற எதாவது காட்டுங்கன்னு.

சாம்ப்ரேரோவும் நல்லா வரும், தூரம் சுமார் 3 கோடி ஒளியாண்டு. ஆனா சின்னது. இந்த டெலஸ்கோப்ல ஒரு பிக்சலுக்கு 2.4 ஆர்க்செகண்ட் வருது, கேலக்ஸியோட நீளம் 9 ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட்னா 60 ஆர்க்செகண்ட்) கூட இல்ல, கணக்குப் போட்டா 220 பிக்சலுக்குள்ளதான். தொப்பி மாதிரி இருக்குற அதோட விளிம்பும் அதுல இருக்குற கருப்புக் கோடும் தெரியும், பெருசாக்குனா கட்டம் கட்டமா உடைஞ்சிடும். போன் வால்பேப்பருக்கு ஓகே, ஏ3ல ப்ரிண்ட் போட்டு ஹால்ல மாட்டணும்னா வேற எதாவது வாங்குங்க.

கன்னி ராசி பக்கம் எம்87ன்னு ஒரு கேலக்ஸி. படமா பாத்தா ஒண்ணுமே இல்ல, மங்கலா ஒரு உருண்டை, சுருளும் கிடையாது கலரும் கிடையாது. ஆனா 2019ல மொத மொதல்ல பிளாக் ஹோல் படம்னு உலகம் பூரா பேப்பர்ல வந்துச்சே, அந்த பிளாக் ஹோல் இந்த உருண்டைக்கு நடுவுலதான் இருக்கு, 5 கோடி ஒளியாண்டுக்கு மேல. அதே ராசியில 3சி 273ன்னு ஒரு குவேசர் (நடுவுல இருக்குற பிளாக் ஹோலால பயங்கரமா ஒளிர்ற தூரத்து கேலக்ஸியோட மையம்), நமக்கு கிட்டத்தட்ட தலைக்கு மேல வரும், 12.9 மேக்னிட்யூட், சாதாரண நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். 1963ல மார்டன் ஷ்மிட்னு ஒரு வானியல் விஞ்ஞானி அதோட நிறமாலையப் பாத்துத்தான் இது பக்கத்து நட்சத்திரம் இல்ல, எங்கயோ தொலைதூரத்துல இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. 200 கோடி ஒளியாண்டுக்கு மேல. யீஷூன் கார்பார்க்ல நின்னுக்கிட்டு 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல அந்த வெளிச்சத்தப் பிடிக்கிறோம்ல, என்னைக் கேட்டா அழகான படங்கள விட அந்தப் புள்ளிக்காகவே காசு குடுக்கலாம். வீட்ல காட்டுனா யாரும் மதிக்க மாட்டாங்க, அது வேற.

ஏமாத்துறதும் இருக்கு. எம்33ங்கற கேலக்ஸிக்கு லிஸ்ட்ல 5.7 மேக்னிட்யூட்னு போட்டிருக்கும், எம்104 வெறும் 8, அப்ப எம்33 தானே ஈஸின்னு போவீங்க, ஸ்கிரீன்ல சாம்பல் கலர்ல ஒண்ணுமே இருக்காது. அந்த நம்பர் மொத்த வெளிச்சம், எம்33 அந்த வெளிச்சத்த நிலாவ விட பெரிய எடத்துல மெல்லிசா பரப்பி வச்சிருக்கு, நம்ம வானத்தோட வெளிச்சத்துக்கு அடியில முங்கிப்போயிடும். எம்101ம் இதே கதிதான். எம்104 சின்ன எடத்துல அழுத்தமா இருக்கு, அதான் பளிச்சுனு வருது. சிங்கப்பூர்ல கேலக்ஸி தேர்ந்தெடுக்கும்போது மேக்னிட்யூட விட சர்ஃபேஸ் பிரைட்னஸப் பாருங்க. ஆண்ட்ரோமெடாவோட நடுப்பகுதி நல்லா வரும், ஆனா அது 3 டிகிரி நீளம், இந்தப் பெட்டி ஒரு தடவைக்குப் பாக்குறது 1.3 டிகிரி, மொசைக் மோட்ல கொஞ்சம் அகலமாக்கலாம், ஆனா அதே நேரத்த பல துண்டா பிரிச்சுக் குடுக்குறதால ஒவ்வொரு துண்டும் இரைச்சலா இருக்கும். எம்81, எம்82 ஜோடி எல்லா ரிவ்யூலயும் வரும், நமக்கு வடக்கே 22 டிகிரிக்கு மேல ஏறவே ஏறாது, என் கார்பார்க்ல இருந்து அந்த எடத்துல பக்கத்து ப்ளாக்கோட பதினாலாவது மாடி கிச்சன் லைட்தான் தெரியுது. மகெல்லன் மேகம்னு சொல்ற குட்டி கேலக்ஸி ரெண்டும் தெற்கே அதே மாதிரி தாழ்வா, ஆசைப்படாதீங்க.

ஆப்ல வர்ற ஜேபெக் படத்த அப்படியே போடாதீங்க. வானத்தோட வெளிச்சம் ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மின்னு திட்டுத்திட்டா இருக்கும். ஏஐ டீநாய்ஸ்னு ஒரு பட்டன் இருக்கு, அழுத்துனா இரைச்சல் போகும், ஆனா எனக்கு அது பிடிக்கல, சின்னச் சின்ன நட்சத்திரத்தையும் கேலக்ஸியோட ஓரத்தையும் வழவழன்னு மெழுகிடுது. ஒவ்வொரு படத்தையும் ஃபிட்ஸ் ஃபைலா (மெருகேத்தாத மூலப் படம்) சேவ் பண்ற ஆப்ஷன ஆன் பண்ணிக்கங்க, ஒரு ஃபைல் 4 எம்பி, பத்து செகண்ட் படம்னா மணிக்கு ஒன்றரை ஜிபி ஓடும், மெமரி தாங்கும். அப்புறம் கம்ப்யூட்டர்ல சிரில்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல போட்டு அடுக்கி, கிராக்ஸ்பர்ட்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல பேக்ரவுண்ட் திட்ட எடுத்துட்டா, அதே கேலக்ஸி வேற படம் மாதிரி ஆயிடும். பல ராத்திரி எடுத்ததையும் சேக்கலாம், இதுதான் ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த ஊர்ல ஒரே ராத்திரியில மூணு மணி நேரம் மேகம் இல்லாம கிடைக்கறது லாட்டரி.

மேகத்தப் பத்தி சொல்லணும்ல. ஆண்டுக்கு சராசரியா 171 நாள் மழை பெய்யுற ஊர். மழை இல்லாத நாளும் மேகம் இல்லாத நாள்னு அர்த்தமில்ல. பிப்ரவரிதான் சராசரியா மழை கம்மியான மாசம், பிப்ரவரி மார்ச்ல காத்தடிச்சு வானம் சுத்தமாகுற ராத்திரிகள விட்டுடாதீங்க, ஆனா கன்னி ராசி கேலக்ஸிங்க பிப்ரவரியில நடுராத்திரிக்கு அப்புறம்தான் நல்ல உயரத்துக்கு வரும். செப்டம்பர் அக்டோபர்ல புகைமூட்டம் வந்துச்சுன்னா பெட்டிய எடுக்கவே வேணாம். இங்கதான் பெரிய டெலஸ்கோப்ப விட இது ஜெயிக்குது, மேகம் வெலகுனா அஞ்சு நிமிஷத்துல மேல போய் ஆரம்பிச்சிடலாம், மேகம் வந்தா பத்து செகண்ட் படம் ரெண்டு மூணு வீணாகும், அதையும் அதுவே தள்ளிட்டு மேகம் போனதும் தொடரும். சாங்கிக்கு எறங்குற விமானத்தோட கோடு விழுந்த படம் சிலது உள்ள பூந்துடும், ஃபிட்ஸ்ல இருந்து அடுக்கும்போது சிரில் அத வடிகட்டிடும். கார்பார்க் சரிவுல லாரி ஏறுனா தரை அதிருறதும் படத்துல தெரியும், அதான் சரிவுக்குத் தூரமா வைங்கன்னு சொல்றேன்.

பேட்டரி ஆறு மணி நேரம்னு போட்டிருக்காங்க. ஹீட்டர் ஓடுனா அவ்வளவு வராது, நம்ம ஊர் ஈரப்பதத்துல ஹீட்டர் இல்லாம நள்ளிரவுக்கு மேல லென்ஸ்ல பனி கட்டிடும், அதனால ஒரு பவர்பேங்க் கூட வச்சுக்கங்க, சி டைப் ஒயர்தான். வைஃபை ரேஞ்ச் கம்மி, வீட்டுக்குள்ள ஏசியில படுத்துக்கிட்டு கார்பார்க் மேல இருக்குறத ஓட்டலாம்னு கனவு காணாதீங்க. எப்படியும் எழுநூறு வெள்ளி சாமான பொது எடத்துல தனியா விட்டுட்டு வர முடியாது, கூடவே ஒரு மடக்கு நாற்காலியும் கொசு மருந்தும் எடுத்துட்டுப் போங்க.

இதுக்குப் பதிலா வேற எது? எஸ்30ன்னு இதே கம்பெனி சின்னது விட்டிருக்காங்க, 30 மில்லிமீட்டர் லென்ஸ், 150 ஃபோக்கல் லெங்த், அகலமா பாக்கும், விலை கம்மி. ட்வார்ஃப் 3ன்னு இன்னொரு கம்பெனிது, 35 மில்லிமீட்டர், எடை 1.3 கிலோதான், ட்ராவல் பண்றவங்களுக்கு நல்லது. ரெண்டுமே நெபுலாவுக்கும் பால்வீதிக்கும் அருமை, ஆனா கேலக்ஸிங்க சின்னச் சின்னதா இருக்கும்போது 250 ஃபோக்கல் லெங்த்தே பத்தல, அதுல 150க்குப் போறது எனக்குச் சரியா படல. மெர்சிங், டெசாருன்னு கார் எடுத்துட்டு அடிக்கடி ஜொகூர் பக்கம் போறவங்க, இருட்டு வானம் கிடைக்குற ஆளுங்க, ஏற்கனவே நல்ல கேமரா வச்சிருந்தா, கேமராவ வானத்தோட சேந்து திருப்புற ஒரு சின்ன டிராக்கர் வாங்கி டெலிஃபோட்டோ லென்ஸ்ல எடுங்க, பெரிய சென்சர்ல இத விட நல்ல படம் வரும். துருவ நட்சத்திரப் பிரச்சினை அங்கயும் இருக்கும், அட்சரேகை 2 டிகிரிதானே, கம்ப்யூட்டர் வச்சு ப்ளேட் சால்விங்ல அலைன் பண்ணக் கத்துக்கணும். பிள்ளைங்களுக்கு வியாழன், சனி வளையம் காட்டணும்னு இத வாங்கவே வாங்காதீங்க, கிரகத்துக்கு 250 ஃபோக்கல் லெங்த் பத்தவே பத்தாது, சனி ஒரு நெல்லு சைஸ்லதான் வரும், அதுல கண்ணு வச்சுப் பாக்குற எடமும் கிடையாது, எல்லாம் போன் ஸ்கிரீன்தான்.

கெரோசெல்னு பழைய சாமான் விக்கிற ஆப்ல செகண்ட்ஹேண்ட் நெறைய வருது, ஆசையில வாங்கிட்டு வானத்தப் பாத்து ஏமாந்தவங்க விக்கிறது, அதனால அதிகம் ஓடாத பீஸா கிடைக்கும். ஆனா நேர்ல போய் வாங்குங்க. லென்ஸ் இருக்குற டெலஸ்கோப் கைய மடக்கி வச்ச நெலைமையில பாக்காதீங்க, ஆன் பண்ணி அந்தக் கைய தூக்க விட்டு, போன் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சு லென்ஸுக்குள்ள பாருங்க, ஓரத்துல இருந்து நூல் நூலா வெள்ளையா ஏதாவது கெளம்பியிருந்தா அது பூஞ்சை, என்ன விலைக்குக் குடுத்தாலும் வேணாம். இங்க அலமாரியில சும்மா வச்சா வந்துடும். வாங்குனதும் கேமரா வைக்கிற ட்ரை கேபினட்ல 40லருந்து 50 விழுக்காடு ஈரப்பதத்துல வைங்க, அதுக்கு எடம் இல்லன்னா ரப்பர் வச்ச மூடி போட்ட டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, மூடுறதுக்கு முன்னாடி ஹீட்டரோட கொஞ்ச நேரம் ஓடவிட்டு லென்ஸ் காஞ்சுருச்சான்னு பாத்துட்டு உள்ள வைங்க.